கோலமாவு தூவிய இன்ஜின்

போன வருடம் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்புப் பாத்தி உண்டு. மழையில் மூழ்கிக் கிடந்த பாத்திகளைச் சீர்செய்து மறுபடி தண்ணீர் பாய்ச்சத் தொடங்கும் நேரம். அந்த வேலையெல்லாம் தலைக்குமேல் கிடக்க, நான் வீட்டு வாசலில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எங்களைப் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இடையஞ்சாவடிப் பக்கம் ரொம்ப நாள் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், சொந்த நாட்டுக்குத் திரும்பும்போது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன பழைய வண்டி. இரண்டே கதவு, சிவப்பு நிறம், தரையோடு தரையாக இருக்கும். ஆசைப்பட்டு வாங்கியது என் கணவர். ஓட்டிப் பழகி, விட்டுக்கொடுக்க மனமில்லாமல் போனது நான்.

வண்டிக்கு ஒரு குறை இருந்தது. இன்ஜினுக்கு வலு கூட்ட அந்த மனிதர் டர்போ மாட்டியிருந்தார். அதற்கு ஈடாகப் பெட்ரோல் போகவில்லை. ஈ.சி.ஆர். ரோட்டில் கொஞ்சம் மிதித்தாலே வண்டி இருமும், திணறும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோகூட ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போகும். இதைச் சரிசெய்யும் சாமான்கள் டிக்கியிலேயே ஒரு பெட்டியில் மாட்டாமல் கிடந்தன. பெரிய பெட்ரோல் பம்ப், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் புது இன்ஜெக்டர்கள், குழாய்கள், அவற்றுக்கு ஏற்ப இன்ஜினை நடத்தக் கணக்கெல்லாம் முன்பே பதிந்து வைத்த ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி. தெரிந்த மெக்கானிக்குகள் எல்லோரும் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாக மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

கணவருக்கு அலுத்துவிட்டது. பொம்மையார்பாளையத்தில் ஒருவரிடம் விலை பேசி முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வண்டியைப் பார்த்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்குள்ள நானே மாட்டிடறேன். திணறாம ஓடிச்சின்னா வண்டி நம்மகிட்டயே இருக்கணும்" என்றேன்.

"பம்ப்செட் பாக்கற கையில ரேஸ் காரா? சரி, பண்ணு, பாக்கலாம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது.

பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினைப் பல வருடமாக நான்தான் பார்க்கிறேன். குழாயில் காற்று அடைத்தால் எடுப்பது, பம்பைக் கழற்றி மாட்டுவது எல்லாம் கைவந்த வேலை. ஆனால் டீசல் சிந்தினால் துடைத்துவிட்டுப் போகலாம். பெட்ரோல் சிந்தினால் துடைக்க ஆள் இருக்காது. அது எனக்குத் தெரியும் என்பதால், பெட்டியோடு வந்த விளக்கத்தை வரி விடாமல் படித்தேன். பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, குழாயில் மிச்சம் இருந்த பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டேன். அப்புறம் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பக்கத்தில் ஒரு தீயணைக்கும் சிலிண்டர், இரண்டு வாளி மணல்.

பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியை மரக்கட்டையால் தட்டித் திருகிக்கொண்டிருந்தபோது என் கொழுந்தன் வந்தான், வாயில் பீடியோடு.

"என்னா அண்ணி, சட்டி மூடியத் தெறக்கறீங்க, கறி வேவுதா?"

"நீ அந்தப் பீடியோட இன்னும் ஒரு அடி வச்சா நீதாம்பா வேவே" என்றேன். வந்த வேகத்தில் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டான். அன்று முழுக்க அங்கிருந்தே கத்திக் கத்தி எனக்கு யோசனை சொன்னான்.

டேங்குக்குள் இருந்த பழைய பம்ப்பை எடுத்துப் புதியதை இறக்கினேன். இன்ஜெக்டர்களை மாற்றினேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு, பெட்ரோல் கசியாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதற்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவினால் போதும் என்று விளக்கத்தில் இருந்தது. ஆனால் உப்பளத்துக் கை சும்மா இருக்குமா? எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பு என்றாலே துருதான். எதை மாட்டினாலும் கிரீஸை அள்ளி அப்பித்தான் எங்களுக்குப் பழக்கம். ஒரு வளையத்துக்கு என்னையும் அறியாமல் தாராளமாக அப்பிவிட்டேன். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஞாயிறு சாயங்காலம் குழாய்கள், கம்ப்யூட்டர் பெட்டி எல்லாம் மாட்டி முடித்தபோது தெருவே கூடியிருந்தது. வாங்க வந்தவரும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேட்டரியை இணைத்தேன். ஸ்டார்ட் பண்ணு, ஸ்டார்ட் பண்ணு என்று நாலா பக்கமும் குரல். "என்னாத்த இன்னும் பாத்துக்கினு இருக்கறே? இருட்டிடப் போவுது" என்றார் கணவர்.

எனக்கும் கை பரபரத்தது. கசிந்தால் வாசனை காட்டிக்கொடுக்குமா என்று பார்க்கக் குனிந்து முகர்ந்தேன். கடல்காற்று சும்மா அள்ளிக்கொண்டு போனது. இந்தக் காற்றில் ஒரு குடம் பெட்ரோல் கொட்டினாலும் மூக்குக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. பாத்தி நினைவுக்கு வந்தது. வரப்பில் உடைப்பை அடைத்தால் நாங்கள் உடனே தண்ணீரை விட்டுவிட்டுப் போய்விட மாட்டோம். வரப்பின் வெளிப்பக்கம் காய்ந்த மண்ணைப் பொடியாகத் தூவிவிட்டுக் காத்திருப்போம். எங்கே ஈரம் கறுக்கிறதோ அங்கே கசிவு.

உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். கூட்டத்தில் சிரிப்பு. "கோலம் போட்டுத்தான் வண்டி எடுக்கணுமா அண்ணி?" என்று தெருமுனையிலிருந்து ஒரு குரல். நான் காதில் வாங்கவில்லை. கணவரைத் துணி பிடித்துக் காற்றை மறைக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் விரலால் மாவைத் தொட்டு ஒற்றினேன். பிறகு சாவியைப் பாதி மட்டும் திருப்பினேன். அப்போது இன்ஜின் ஓடாது, பம்ப் மட்டும் ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும்.

குழாய் இணைப்புகள் வெள்ளையாகவே இருந்தன. இன்ஜெக்டர்களிலும் மூன்று வெள்ளை. நான்காவது மெல்லக் கறுத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாவை நனைத்துக்கொண்டு ஒரு சொட்டு கீழே விழுந்தது. அதற்கு நேர் கீழே போவது புகைக்குழாய். இன்ஜின் ஓடியிருந்தால் அது பழுக்கக் காய்ச்சிய இரும்பு.

சிரித்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். சாவியைத் திருப்பி அணைத்தேன். கணவர் துணியை இறக்கினார். "வேணாண்டி. வித்துடலாம். வண்டி போனா போவுது" என்றார் மெதுவாக.

ஆனால் கசிவைக் கண்டுபிடித்தவள் நான், அதை அடைக்காமல் எழுந்து போக முடியவில்லை. மறுபடி பேட்டரியைக் கழற்றி, அழுத்தத்தை இறக்கி, அந்த இன்ஜெக்டரை எடுத்தேன். நான் அப்பிய கிரீஸில் வளையம் வழுக்கி, பள்ளத்தை விட்டு விலகி, நசுங்கிக் கிடந்தது. பெட்டியில் உபரி வளையங்கள் இருந்தன. கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரே ஒரு சொட்டு ஆயில் தடவி மாட்டினேன். மறுபடி மாவு, மறுபடி சாவி. காத்திருந்தோம். வாங்க வந்தவரும் குனிந்து பார்த்தார். எல்லாம் வெள்ளை.

வரப்பை அடைத்தவர்தான் முதலில் அதன்மேல் ஏறி நடக்க வேண்டும் என்பது எங்கள் பாத்தியில் வழக்கம். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, மாவைத் துடைத்து, தனியாக ஏறி உட்கார்ந்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. கணவர் உள்ளே வந்து உட்கார்ந்தார், மடியில் அந்தத் தீயணைக்கும் சிலிண்டரோடு.

"நீங்க எதுக்குங்க? எறங்குங்க."

"நீ ஓட்டு" என்றார், முன்னால் பார்த்தபடி.

இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. உப்பளத்துக்கு நடுவே போகும் ரோட்டில் சூடேறும்வரை மெல்ல ஓட்டி, ஒருமுறை வண்டியை அணைத்து இறங்கி இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தன. ஈ.சி.ஆர். வந்ததும், ஆளில்லாத இடமாகப் பார்த்து மிதித்தேன். இருமல் இல்லை, திணறல் இல்லை. முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு வண்டி பாய்ந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கணவர் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும்" என்றார். ஆனால் அவர் முகமெல்லாம் சிரிப்பு.

திரும்பி வந்ததும் வாங்க வந்தவர் பர்ஸைத் தடவிக்கொண்டு ஆவலாகக் கிட்டே வந்தார். கணவர்தான் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சிக்கங்க. விக்கறதுக்கு இல்லீங்க. இது எங்க வீட்டுக்காரம்மா வண்டி."

கணவர் வாங்கிய வண்டி அன்றைக்குத்தான் என்னுடையதானது. இப்போதும் அதில் ஏறினால் சாவியைப் பாதியில் நிறுத்தி ஒரு கணம் பொறுக்கிறேன். ஊரே அவசரப்படுத்தியும் கோலமாவு டப்பாவோடு நின்றாளே ஒருத்தி, அவளை நினைத்து மனதுக்குள் ஒருமுறை மெச்சிக்கொண்ட பிறகுதான் மீதியைத் திருப்புகிறேன்.