வெறும் வயிறு

என் வீட்டுக்காரருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலே வெறும் வயிறுதான். சர்க்கரைக்காக அடிக்கடி தாம்பரம் போய் ரத்தம் கொடுக்கிற மனிதர். எங்கள் வீட்டில் யார் டெஸ்டுக்குப் போனாலும் அதே சட்டம்.

எங்கள் ஆறு வயது மகளுக்கு மைட்டோகாண்ட்ரியா கோளாறு என்று சந்தேகம். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாப்பாட்டைச் சக்தியா மாத்துற குட்டிக் குட்டிப் பைகள் இருக்கும்மா. அதோட உள்சவ்வுலதான் அந்த வேலையே நடக்குது. இவளுக்கு அந்தச் சவ்வு சரியா வேலை செய்யலைன்னு நினைக்கிறேன். பசி தாங்க மாட்டா. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க." என் வீட்டுக்காரர் அப்போது வண்டி நிறுத்தப் போயிருந்தார். வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது தலையாட்டினார். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கண்ணுக்கே தெரியாத ஒரு சவ்வுக்கு எப்படிக் காவல் இருப்பேன்?

மரபணுச் சோதனைக்குக் கிளம்பிய காலையில், இட்லியை ஊட்டச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். கீழ்க்கட்டளையில் ஆட்டோ ஏறினோம். பல்லாவரம் நெரிசலில் பிள்ளை என் தோளில் துவண்டு விழுந்தாள். கையெல்லாம் சில்லிட்டிருந்தது.

"எத்தனை இட்லி சாப்பிட்டா?"

"டெஸ்டுக்குப் போறப்ப யாராவது சாப்பாடு கொடுப்பாங்களா?" என்றார், ரொம்பப் பொறுப்பாக.

"அடப் பாவி மனுஷா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, கொழந்த இப்டி வாடிக் கீது?" என்றவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடினார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட சாத்துக்குடி ஜூஸோடு வந்தார்.

டம்ளரை உதட்டில் வைத்தேன். பாதிக் கண் திறந்திருந்தது, ஆனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன். விழுங்கத் தெம்பில்லையோ என்று பயந்தேன். கடைசியில் முனகினாள்.

"வேணாம்மா. சாப்ட்டா மறுபடி ஊசி போடுவாங்களாம். அப்பா சொன்னாரு."

அவர் என் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். "அப்பா தெரியாம சொல்லிட்டேன்டா கண்ணு. குடிடா." தானே அதை அவள் உதட்டில் வைத்தார்.

ஒரு வாய் விழுங்கினாள். அவர் முகத்தையே பார்த்தாள். இன்னொரு வாய்.

"அப்பா, நெஜமா திட்ட மாட்டீங்கல்ல?"