ஆவுடைநாயகத்தின் வாய்ப்புண்

பெங்களூருக்குக் காபி படிக்கப் போன ஆவுடைநாயகத்தை, கூடப் போன சத்தியநேசன், அங்கிருந்த வாத்தியாரிடம் இங்கிலீஷில் என்னவோ வத்தி வைத்து விரட்டிவிட்டார் என்று திருநெல்வேலி டவுனில் ஒரு பேச்சு உண்டு. தெருவுக்குத் தெரு அதற்குக் கையும் காலும் வேறு முளைத்துவிட்டது. நடந்தது அது இல்லை. நிஜத்தைக் கேளுங்கள்.

இரண்டு பேரும் வடக்கு ரத வீதியில் ஒரே காபித்தூள் கடையில் வேலை பார்த்தவர்கள். ஆவுடைநாயகம் கொட்டை வறுப்பார், சத்தியநேசன் அரைப்பார். இவர் சைவப் பிள்ளைமார், அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். ஆனாலும் பதினோரு மணிக் காபி இருவருக்கும் ஒரே தம்ளரில்தான். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற ஊரில் தம்ளருக்கு ஜாதி கிடையாது, உதட்டுக்குத்தான் உண்டு.

தொண்ணூற்று நாலில் முதலாளி பாளையங்கோட்டையில் இன்னொரு கடை போட நினைத்தார். அதைப் பார்த்துக்கொள்ள ருசி தெரிந்த ஆள் வேண்டும் என்று இருவரையும் பெங்களூரில் நடந்த காபி ருசி பார்க்கும் பயிற்சிக்கு அனுப்பினார். ரயிலிலேயே சத்தியநேசன் சொல்லிவிட்டார்: "கடை உமக்குத்தான் வே. மூக்கு உம்மகிட்டல்லா இருக்கு. நான் இங்கிலீஷுக்குத் துணைக்கு வாரேன், அவ்வளவுதான்."

அங்கே மேஜையில் வரிசையாகக் காபிக் கிண்ணங்கள். ஆளுக்கொரு கரண்டி. எல்லோரும் அதே கிண்ணத்தில் கரண்டியை விட்டு, சர்ரென்று உறிஞ்சி, துப்பிவிட்டு, கரண்டியைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அடுத்த கிண்ணத்துக்குப் போக வேண்டும். முதல் நாள் ஆவுடைநாயகத்துக்கு முன்னால் நின்றவர் யாரோ ஒரு குடகுக்காரர். நெல்லையப்பரை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சிவிட்டார். வாத்தியார் அவர் மூக்கை மெச்சினார்.

மறுநாள் வரிசை மாறியது. முன்னால் சத்தியநேசன். அவர் கரண்டி கிண்ணத்துக்குள் போய் வந்ததும் ஆவுடைநாயகத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. யாரென்று தெரியாத வாய் வெறும் வாய். தெரிந்த வாய்தான் எச்சில்.

"எனக்கு வேற கிண்ணம் கேளும் வே."

"எதுக்கு? இதுல என்ன கெடந்து மிதக்கு?"

"கேளும்ங்கேன்."

சத்தியநேசன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். "நேத்து அந்த ஆளுக்குப் பின்னால குடிச்சீரே வே."

ஆவுடைநாயகம் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டார்.

என்ன தகராறு என்று வாத்தியார் கேட்டார். இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டியவர் சத்தியநேசன்தானே? தனக்கு நடந்த அவமானத்தைத் தன் வாயாலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இவருக்கு வாய்ப்புண், சார்."

வாய்ப்புண்காரரை அந்த மேஜையில் யார் விடுவார்கள்? வாத்தியார் அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிட்டார்.

பாளையங்கோட்டைக் கடை சத்தியநேசனுக்குப் போனது. ஊர்ப்பேச்சு கிளம்பியபோது ஆவுடைநாயகம் இல்லை என்று சொல்லவில்லை. வெயிலுக்குக் குடை மாதிரி அதன் அடியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டார். பாளையங்கோட்டையில் வேலை இருந்தால், அந்தக் கடைக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி வேறு தெருவில் சுற்றி நடப்பார். சத்தியநேசனும் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. அந்த மௌனம்தான் இவரை அரித்தது.

போன மாசம் டவுன் கடைக்குத் தூள் வாங்க வந்த மாரிக்கண்ணு, ஆறுதல் சொல்கிற மாதிரி ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, அந்தச் சத்தியநேசன் எங்க மாடி வீட்ட வாடகைக்குக் கேக்காரு. உங்க சோத்துலயே மண்ணள்ளிப் போட்ட ஆளுல்லா. நம்பிக் குடுக்கலாமா?"

ஆவுடைநாயகம் வறுபடுகிற கொட்டையை அப்படியே போட்டுவிட்டு முன்னால் வந்தார். பின்னால் புகை கிளம்பியது. அவர் திரும்பவில்லை.

"ஏலே, அவன் என்னய விரட்டல. அவன் வாய் வச்சத நான் தொடமாட்டேன்னேன். அத வெளிய சொல்லாம பொய் சொல்லி என் மானத்தக் காப்பாத்துனான். எனக்கு வாயில ஒரு புண்ணும் கிடையாது. போ, வீட்டக் குடு."