கைக்குழந்தைக்காரி பார்த்த பேய்ப்படம்

குழந்தை பிறந்த ஏழாவது மாதத்தில், எனக்கு ஓய்வு கொடுப்பது என்று என் கணவர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்.

"குடும்பப் படம்தாம்மா. போஸ்டர்ல அப்பா, அம்மா, கொழந்த மூணு பேரும் இருக்கறாங்க."

மூவருக்கும் பின்னால் நின்ற நாலாவது உருவத்தை அவர் கவனிக்கவில்லை. வீட்டில் எதையும் கவனித்து அவருக்குப் பழக்கமில்லை.

பையனை மாமியாரிடம் விட்டுவிட்டு, அவர் கட்டச் சொன்ன கல்யாணப் பட்டுச்சேலையையே கட்டிக்கொண்டு, செவிலிமேட்டிலிருந்து பைக்கில் கிளம்பினோம். தியேட்டர் வாசலில் இறங்கும்போதே மாமியாரிடமிருந்து போன்.

"நீங்க நிம்மதியா பாருங்கமா. கொழந்ததான் உன்னத் தேடிக்கினே இருக்கறான். பரவால்ல."

நிம்மதி அத்தோடு போயிற்று.

படத்தில் புதிதாகப் பிள்ளை பெற்ற ஒருத்தி. அவள் வீட்டில் ஒரு பேய். அவள் தட்டில் கை வைத்தால் போதும், அது குழந்தையை அழவைக்கும். கண்ணயர்ந்தால் கதவைத் தட்டும். புருஷனிடம் சொன்னால், "உனக்கு ரெஸ்ட் வேணும்" என்று சொல்லிவிட்டு அவன் தூங்கப் போவான். தியேட்டரே அலறியது. எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் அந்தப் பேய் தேவலாம். மூலையில் நின்று முறைத்ததே தவிர, குழந்தைக்குத் தலை துவட்டத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கணவர் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பிரசவ வலியில் நான்கூட அவர் கையை அப்படி நசுக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு தொட்டில் காலியாகக் கிடந்தது. சுவருக்குள்ளிருந்து குழந்தை அழுதது. படம் என்று எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. பால் சுரந்து ரவிக்கை நனைந்து, பட்டிலும் இறங்கியது. பட்டு நெய்யும் இந்த ஊரில் பட்டில் கறை படிவதைவிட பேய் பிடிப்பது சின்ன விஷயம்.

"ஏங்க, போலாம்."

"கிளைமாக்ஸ் வரப்போவுதுமா."

"எனக்குப் பால் வந்துட்டுது."

திரும்பிப் பார்த்தார். உடனே எழுந்தார். வெளியே வந்ததும் மறைத்துக்கொள்ள ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். அவருக்குத் தோன்றியது அதுதான். அதுவாவது தோன்றியதே.

வீட்டில் பையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"ரொம்ப அழுதானா அத்தை?"

"எதுக்கு அழப்போறான்? நீங்க போனதுலேர்ந்து தூங்கினுதான் இருக்கறான்."

எழுப்பிப் பால் கொடுத்தேன். மாமியார் என் சேலையை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே கதை கேட்டார். சொன்னேன்.

"அந்தப் பொண்ணு வீட்ல மாமியார் இல்லியா?"

"இல்ல அத்தை."

"அதான். பெரியவங்க ஒருத்தர் இருந்தா பேய் உள்ள வருமா?"

"வராது அத்தை," என்றேன். கல்யாணமாகி நாங்கள் இருவரும் முழு மனதாக ஒத்துப்போனது அப்போதுதான்.

அதன் பிறகு பையன் லேசாகச் சிணுங்கினாலும் என் கணவர் விழுந்தடித்து எழுந்து தொட்டிலைப் பார்க்கிறார். பாசம் என்கிறார் மாமியார். பயம் என்று எனக்குத் தெரியும். எதுவாக இருந்தால் என்ன, எழுந்த கையோடு பையனின் ஈரத்துணியையும் மாற்றிவிடுகிறார்.