காலமானோர் பக்கத்தில் தம்பி

உயிரோடு இருக்கிற ஒருவரைச் செத்துப்போனார் என்று சொல்வதில் யாருக்கு என்ன ஆதாயம்? ஊசியக்காவின் வாசலில் மீசைக்காரர் வந்து நின்ற அன்று என்னிடம் இதைக் கேட்டிருந்தால், திருதிருவென்று விழித்திருப்பேன்.

ஊசியக்கா கத்திகளுக்குத் தோல் உறை தைப்பவர். இரண்டு ஊசியை ஒரே நேரத்தில் ஓட்டுவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர். நாக்கும் அப்படியே என்பதால் ஒட்டிக்கொண்டது. பின்னறையில் அவருடைய தம்பி கத்தி செய்வார். மடக்குக் கத்தி இல்லை. ஒரு காலத்தில் பேர்போன, மடங்காத வேட்டைக் கத்தி. அதைச் செய்த பட்டறையை மூடி நாற்பது வருடம் ஆகிறது. அதே மாதிரியைத் தம்பி அரத்தால் ராவி, கொம்புப் பிடி போட்டு, கையாலேயே செய்வார். ஒன்பது வருடமாக எல்லாம் ஒரே கடைக்குத்தான் போயின.

மீசைக்காரர் அப்படி ஒரு கத்தியை நீட்டினார். "உறை பிஞ்சிருச்சும்மா. பாத்துத் தைங்க. இதைச் செஞ்சவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சாம். அவர் விட்டுட்டுப் போன தகட்டையெல்லாம் கடைக்காரர்தான் தன் கையால முடிச்சுத் தர்றார்."

அக்கா கத்தியைத் திருப்பிப் பார்த்தார். போன வருடம் தம்பி முடித்தது. பின்னறையில் அரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யார் சொன்னா, செத்துட்டார்னு?"

"கடைக்காரர்தான். செஞ்சவரைப் பாக்கணும்னு நானும் அலையாத இடம் இல்லை. சங்கத்துப் பட்டியல்ல கூட இந்தத் தடவை காலமானோர் பக்கத்துல போடறாங்களாம்."

அக்கா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "செத்தவனே, டீ ஆறுது. வந்து குடி."

தம்பி இரும்புத் தூளோடு வந்து நின்றார். மீசைக்காரர் அவர் கையைத் தொட்டே பார்த்துவிட்டார்.

பிறகு அவர்தான் விளக்கினார். பழைய கத்திகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. கையால் கத்தி செய்கிறவர்களின் பட்டியலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை அச்சடிப்பார்கள். செய்பவரைத் தேடுகிறவர்களுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை. பட்டியலைத் தயாரிப்பவரோ அந்தக் கடைக்காரர். செய்தவர் செத்துவிட்டால் யாரும் அவரைத் தேடி வரமாட்டார்கள். எல்லோரும் கடைக்குத்தான் வருவார்கள்.

"விடுக்கா," என்றார் தம்பி. "வேலை வருதுல்ல."

"வேலை வருது. நீதான் போயிட்ட."

அக்காவுக்கு உள்ளே எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டால் கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுத் தப்பித்துவிடுவார். அது போதாது. நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே அவர் மாட்ட வேண்டும்.

அதற்கான ஆயுதம் அக்காவின் தையல் பெட்டியிலேயே கிடந்தது. அம்மாவின் பழைய கத்தி, அந்த மூடிய பட்டறையில் செய்தது. அம்மாவும் அதில்தான் தோல் வெட்டினார். பிடிக்குப் பக்கத்து இடத்தில்தான் அழுத்தி வெட்டுவார். அந்த இடத்தையே வாசல்படிக் கல்லில் தீட்டுவார். முப்பது வருடத்தில் அங்கே வெட்டும் விளிம்பு உள்வாங்கி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. தம்பி அந்தப் பட்டறையின் தேயாத கத்தியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அம்மாவின் கத்தியைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து, பள்ளத்தோடு சேர்த்தே அச்செடுத்திருந்தார். உறை கொடுக்கப் போன ஒரு நாள், கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அசல் கத்தியை அக்கா பார்த்தார். அதன் விளிம்பு நேர்கோடு. தம்பி மனசு உடையுமே என்று அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. இப்போது திறந்தால் தம்பியின் தப்பும் வெளியே வரும். ரெண்டு நாள் யோசித்தார். வரட்டும் என்று முடிவு செய்தார்.

அதற்குப் பிறகு உறை கொடுக்கப் போகும்போதெல்லாம், ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, விளிம்பின் பள்ளத்தைக் காட்டி, "இந்த வளைவு எப்படிங்க இவ்வளவு அழகா வருது?" என்று குழைவார். உறை வேலைக்காகத் தனக்கு ஒத்து ஊதுகிறார் என்று நினைத்துக் கடைக்காரரும் ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் கூடுதலாக அளந்தார். பழைய பட்டறையின் ரகசியம் என்றார். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அசலிலிருந்து தானே கோடு இழுத்ததாகச் சொன்னார்.

சங்கக் கூட்டத்தன்று அக்கா முன்வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் மீசைக்காரர், அவர் பக்கத்தில் தம்பி. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியை மேசையில் வைத்து வளைவின் பெருமையைப் பேசி முடித்தார். அக்கா எழுந்தார்.

"ஒரு சந்தேகம் ஐயா. இதுலேர்ந்துதானே அச்செடுத்தீங்க?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? என் கையால எடுத்தேன்."

"அப்போ மேல வச்சுப் பாக்கலாமா?"

"பெட்டியைத் திறக்கக் கூடாது. கைபட்டா கறை விழும்."

"திறக்கவே வேணாம்." அக்கா மீசைக்காரரின் கத்தியைக் கண்ணாடி மேல் வைத்தார். கீழே நேர்கோடு. மேலே பள்ளம். சங்கச் செயலாளர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். அக்கா அம்மாவின் கத்தியை எடுத்து அதன் மேல் வைத்தார். பள்ளத்துக்குப் பள்ளம் பொருந்தியது.

"இது எங்கம்மா வாசல்படியில தீட்டின ரகசியம். இதைப் பாத்து அச்செடுத்தவன் அதோ உக்காந்திருக்கான். எட்டு வருஷமா செத்தவன். காலையில ஆறு தோசை சாப்பிட்டான்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தம்பி நெளிந்தபடி எழுந்தார். "அப்போ நான் இத்தனை நாளா தேய்மானத்தையா காப்பி அடிச்சேன்?" என்று அக்காவைத்தான் கேட்டார். யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. கடைக்காரர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

செயலாளர் பட்டியலை வாங்கி, காலமானோர் பக்கத்தில் தம்பியின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். அக்கா எட்டிப் பார்த்தார். "அந்த இடம் காலியாத்தானே இருக்கு? இவர் கடைப் பேரைப் போட்டுக்கோங்க."

புதுப் பட்டியலில் தம்பியின் முகவரி இருக்கிறது. 'தேய்ந்த வடிவம்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு தம்பிக்கு இன்னும் உறுத்துகிறது; அக்காவுக்கும்தான், ஆனால் சொல்லமாட்டார்.

கடைக்காரர் ஒருமுறை உறை கேட்டு வந்தார். அக்கா ஊசியை நிறுத்தவே இல்லை. "தைக்கிற அம்மா போன வாரம் செத்துட்டாங்க," என்றார்.

கத்தி செய்கிறவரைத் தேடி அலையும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர் காதில் போட்டு வையுங்கள். கடையில் யாராவது "அவர் போயிட்டார்" என்று சொன்னால், எங்கே புதைத்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.