அன்னக்கூடைச் சோறு

என் நாத்தனார் வீட்டு அடுப்படியில் ஓர் அன்னக்கூடை இருக்கிறது. எவர்சில்வர், விளிம்பில் ஒரு நசுங்கல். வடலூரில் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதலில் என் கண்ணில் படுவது அதுதான். பட்டதும் வயிறு எரியும். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். மனதுக்குள் நான் சொல்லும் வார்த்தை அச்சில் ஏறாது.

சில வருஷங்களுக்கு முன்பு நாத்தனார் குடும்பம் நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தது. அவர் கணவருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. காடாம்புலியூரில் எங்கள் வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் நானும் என் கணவரும் சில மாதங்கள் அங்கே ஒண்டியிருந்தோம். என்னோடு இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளும் வந்தன, ஒரு பெட்டை, ஒரு கிடா. தாய் ஆடு பாம்பு கடித்துச் செத்த பிறகு பாட்டிலில் பால் கொடுத்து, மெல்ல மெல்லத் தழை கடிக்கப் பழக்கி நான் வளர்த்தவை. என் பட்டியில் மிஞ்சியது அவ்வளவுதான். வீடு முடிந்ததும் அந்தப் பெட்டைக் குட்டியை வைத்துத்தான் மறுபடி ஒரு பட்டி சேர்க்க வேண்டும் என்று இருந்தேன்.

நாத்தனார் அவற்றைச் சாமான் அறையில் அடைத்தார். ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை. "இவங்க வூட்ல ஆடு கட்டிக்கினு இருக்காங்கன்னு பிளாக் பூரா தெரியணுமா? எவனாவது கம்ப்ளைன்ட் குடுத்தா அவரு பேருதான் கெடும்" என்பார். குட்டி ஒரு முறை கத்தினால் போதும், நாத்தனாருக்கு முகம் வெளுத்துவிடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் சோறு. அன்னக்கூடையில் மிஞ்சியதைக் கொண்டுபோய் அப்படியே தரையில் வைத்துவிடுவார். நானும் படித்துப் படித்துச் சொன்னேன். "குட்டிக்குச் சோறு ஆவாதுங்க அண்ணி. வயிறு உப்பிக்கும். தழை மட்டும் போடுங்க." அவர் சிரித்தார். "நாம துன்றது அதுக்கு ஆவாதாமா? வயிறு ரொம்பினா கத்தாதுடி."

ஒருநாள் மாலை முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை முடிந்து, ஒரு கட்டு பலாத்தழையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தேன். முன்னறையில் பேச்சுக்குரல் கேட்டது. நாத்தனாரின் கணவருடைய மேலதிகாரியின் மனைவி வந்திருந்தார். நான் பின்வாசல் வழியாக நுழைந்தேன். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கத்துகிற குட்டிகள் அன்று கத்தவில்லை. கதவைத் திறந்தால் புளித்த நாற்றம். தரையில் காலி அன்னக்கூடை. விருந்தாளி இருக்கும்வரை சத்தம் வரக்கூடாதென்று முழுக்கூடைச் சோற்றையும் நாத்தனார் வைத்திருக்கிறார். பெட்டைக் குட்டி கழுத்தை நீட்டிச் செத்துக் கிடந்தது. கிடா முதுகு கூனி நின்று பல்லை நறநறவென்று கடித்தது. பின்னங்கால்களில் கழிச்சல் வழிந்தது. இடது பக்க வயிறு தட்டினால் அதிரும் அளவுக்கு உப்பியிருந்தது. முன்னங்கால்களைத் தூக்கிப் படியில் நிறுத்தி வயிற்றை நீவினேன். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஏப்பம் விட்டது, ஆனால் உப்புசம் அடங்கவில்லை. டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

காபி எடுக்க உள்ளே வந்த நாத்தனார் எல்லாவற்றையும் பார்த்தார். செத்ததைப் பார்த்தார், நிற்பதைப் பார்த்தார். "சத்தம் போடாத. அவங்க போவட்டும், அப்புறமா தூக்கினு போ" என்றார். அந்த முகத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க விருப்பமும் இல்லை.

பின்வாசல் திறந்துதான் இருந்தது. அதன் வழியாகவே போயிருக்கலாம். போகவில்லை. கிடாவை மார்போடு அணைத்துக்கொண்டு, கழிச்சல் சொட்டச் சொட்ட, துடைத்துப் பளபளவென்று வைத்திருந்த முன்னறையின் நடுவே நடந்தேன். நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்தார். அந்த அம்மாள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ஐயோ, சோறு தின்னுடுச்சா? எங்க வீட்லயும் பின்னாடி ரெண்டு நிக்குது. நாள் முழுக்கக் கத்திட்டேதான் இருக்கும். வாம்மா, ஸ்கூட்டில ஏறு" என்றார். நாத்தனாரின் கையில் காபித் தம்ளர் அப்படியே இருந்தது. யாருக்குப் பயந்து அவர் அந்த வாய்களை அடைத்தாரோ, அந்த வீட்டிலேயே ஆடு கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

டாக்டர் குழாய் விட்டுக் காற்றை எடுத்தார், ஊசி போட்டார். கிடா பிழைத்தது. ஒற்றைக் கிடாவை வைத்துக்கொண்டு எந்தப் பட்டியைச் சேர்ப்பது? புது வீட்டின் பின்னால் நான் போட்ட கொட்டகையில் இன்று விறகுதான் கிடக்கிறது.

போன வாரம் வடலூரில் நாத்தனார் வீட்டுச் சாப்பாடு. என் கணவருக்காகப் போனேன். அதே அன்னக்கூடையை எடுத்துவந்து என் தட்டில் சோற்றை அள்ளி அள்ளிக் கொட்டினார். "என்னா, வந்ததுலருந்து வாயே தொறக்கல? நல்லா சாப்புடு" என்று இன்னொரு கரண்டி அள்ளினார். நான் தட்டின்மேல் கையை வைத்து மறைத்தேன்.

"போதுங்க அண்ணி. நான்தான் கத்தலியே."