குசினியில் ஆள் உண்டா

யுத்த காலத்தில் ஒரு மாலை, என் கணவர் தோணிக்குப் புறப்படும்முன் வாசலில் நின்று, "குசினியில ஆளு உண்டா?" என்று கேட்டார். எங்கள் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் அடுப்படியைக் குசினி என்போம். போகும்போதும் வரும்போதும் அவர் கேட்கிற கேள்வி அது. மத்தியானம் மீன் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லியிருந்தார். அந்தக் கோபத்தில், "ஆளில்ல" என்று உள்ளிருந்தே சொன்னேன். சிரித்துக்கொண்டே போனார். உடன்குடிக் கருப்பட்டி ஏற்றிக் கொழும்புக்குப் போன அந்தத் தோணி கரை சேரவில்லை.

ஏழு மாதம் ஆனது. "ஏளா, அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வேண்டாமா?" என்று மாமி கேட்டார். இறந்தோர் பூசை வைத்தால் நான் தாலியைக் கழற்ற வேண்டும்.

"அவர் செத்தத யாரு பாத்தா?" என்றேன். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? என் வாய் அப்படி.

அந்த நாட்களில்தான் நகரசபைப் பூங்கா ரேடியோவில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரு தொடர் நாடகம் வந்தது. ஒரே தெருவில் நாலு வீடு. புளி இரவல் வாங்குவதும் குழாயடியில் சண்டை போடுவதும்தான் கதை. முதல் வாரம் சும்மாதான் போனேன். நாடகத்தில் ஒரு கப்பல்காரர் வீட்டுக்குள் வந்து, "குசினியில ஆளு உண்டா?" என்றார்.

ரேடியோவுக்குக் கிட்டே ஓடினேன். "இருக்கேன், வாங்க" என்று ஒரு பெண் பதில் சொன்னாள். அவளை நேரில் கண்டிருந்தால் முடியைப் பிடித்திருப்பேன்.

அவர்தான் என்று முடிவுகட்டினேன். இயேசுவின் பாடுகளை ஊரில் நடிக்கிற பாஸ்கு நாடகத்தில் சேவகனாக நடித்தவர்தானே, எங்கோ கரையேறி ரேடியோவில் சேர்ந்திருக்கிறார். ஆளில்லை என்று நான் சொன்னதால்தான் வீட்டுக்கு வராமல் இருக்கிறார். இப்படியெல்லாம் நினைத்தேன். பைத்தியம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் திட்டியிருப்பேன். பூசையைப் பற்றி மாமி வாயெடுத்தபோதெல்லாம், "இன்னும் ஒரு வாரம்" என்றேன்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை நாடகம் வரவில்லை. யாரோ ஒருவர் கொல்லையில் கத்தரி போடுவதைப் பற்றிப் பேசினார். பூங்காக் காவலரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, நாடகம் எங்க?"

"அத நிப்பாட்டிட்டாவளாம்மா. யாரும் கேக்கலியாம்."

"நான் கேட்டேன்லா" என்றேன். அவர் என்ன செய்வார் பாவம், ரேடியோவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அன்றே ரேடியோ நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். கணவர் பெயர், அங்க அடையாளம், எல்லாம் எழுதி, 'உப்புக் குறைத்தே வைக்கிறேன், வரச் சொல்லுங்கள்' என்று முடித்தேன். அதற்கும் ஒரு மனிதர் அஞ்சலட்டையில் பதில் எழுதினார். கப்பல்காரராக நடித்தவர் தங்கள் அலுவலகக் குமாஸ்தா, சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி, கடலில் போய் அறியாதவர் என்று இருந்தது. என் துயரத்துக்கு வருந்துவதாகவும் ஒரு வரி இருந்தது. அட்டையை மாமியிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை பூசை வைத்தோம். தாலியை மாமிதான் கழற்றினார். சாயங்காலம் அடுப்பு மூட்டாமல் குசினித் தரையில் கிடந்தேன். வாசலில் குரல் கேட்டது.

"குசினியில ஆளு உண்டா?"

மாமி. கஞ்சிச் சட்டியோடு நின்றார். மகனுக்கு அந்தக் கேள்வியைப் பழக்கியதே அவர்தான். எதிர்வீட்டுக்காரி கேட்பாள், மீன்காரி கேட்பாள், எங்கள் கரையில் கேட்காத ஆளில்லை. அதை ஒரே ஒருவருடைய குரலென்று ஐந்து வாரம் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்.

"இருக்கேன், வாங்க" என்றேன். அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவருடைய அம்மாவிடம் சொன்னேன்.