தொப்பை வைத்த படகு

அகப்பையின் முதுகால் தண்ணீரில் ஓர் அடி. பிறகு தோசை புரட்டும் தட்டகப்பையால் ஓர் அடி. முல்லைத்தீவுக் கரையில் சிவராசாவின் வீட்டுக்கு யார் போனாலும் இந்தக் கூத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது. வாளித் தண்ணீர் நம் சட்டையில் தெறிக்கும். "பாத்தியளே தம்பி, உருண்டையெண்டால் தண்ணி வழுக்கி விடும்" என்பார். குசினிக்குள் இருந்து மனைவி ஜெயரூபி, "கறி கிண்ட அகப்பையில்லை, கொண்டந்து வையுங்கோ" என்று கத்துவார்.

மெல்ல அடித்தால் எதுவும்தான் வழுக்கும். இதை இந்த மனிதருக்கு எத்தனை தரம் சொல்வது? மீன்பிடிக்கப் போகையில் எஞ்சினை முழுக்க முறுக்கி, படகின் முன்பாதி அலைக்கு மேலே எழும்பி எழும்பி விழத்தான் ஓட்டுவார். தட்டையாக இருந்த அதன் அடியில் தன் கையாலேயே பைபர் ஒட்டி, அலையில் அறைவது குறையட்டும் என்று இலேசான தொப்பை ஒன்று வைத்தார். அன்று முதல் படகு முன்னரைவிட மோசமாக அறைகிறது. வேகமாக விழும்போது தட்டை அடிக்குக் கீழே கொஞ்சம் காற்று அகப்பட்டு மெத்தையாக நிற்குமாம். இலேசாக வளைத்துவிட்டால் அந்தக் காற்று பக்கத்தால் நழுவிவிடுமாம். படகு கட்டுகிறவர்கள் சொல்கிறார்கள், இவர் கேட்டால்தானே! "பைபர் காணாது, அதுதான்" என்று இன்னொரு தரம் ஒட்டினார்.

அறை வாங்குவது முன்பலகையில் இருக்கிற மருமகன் நிரோஜனின் கீழ்முதுகு, அவர்கள் பேச்சில் நாரி. பின்னால் எஞ்சின் பிடியோடு இருப்பவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? அந்தப் பிடியை அவர் இன்றுவரை வேறொருவர் கையில் கொடுத்ததில்லை. "இளம் பெடியனுக்கு என்ன நாரி நோ?" என்று கேட்கிறவரிடம் என்னத்தைச் சொல்லித் தொலைப்பது!

போன கிழமை நிரோஜன் சொல்லிவிட்டான்: "மாமா, நாளைக்கும் இப்பிடி அடிச்சால் நான் சாரங்காவைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போறன். எனக்குக் கடல் வேண்டாம்."

சாரங்கா அவருக்கு ஒரே மகள். அன்று மனிதர் அகப்பையைத் தொடவேயில்லை.

மறுநாள் விடியக் கரையில் நானும் நின்றேன். படகைத் தள்ளி இறக்கியதும் சிவராசா பின்னால் போகாமல் முன்பலகையில் ஏறிக் குந்தினார். "நீ போய் எஞ்சினைப் பிடி. நான் இதிலை இருக்கிறன். பிழை படகிலையோ உன்ரை நாரியிலையோ எண்டு பாப்பம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரோஜன் பின்னால் போய் எஞ்சினைப் பிடித்தான். மாமனார் ஓட்டுகிற மாதிரியே முழுக்க முறுக்கினான்.

முதல் அலையில் ஏறி விழுந்த படகு அறைந்த சத்தம் கரைவரை கேட்டது. இரண்டாவது இன்னும் பலமாக. சிவராசா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் பலகையை இறுகப் பிடித்தபடி, மற்றக் கையைப் பின்னுக்கு நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, மெல்ல, மெல்ல என்று அசைத்தார்.